ஆரஞ்சுத் தோல் வாசனை

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் இங்கே சுகம். உங்கள் சுகத்தை விசாரிப்பதற்கு முன்னால் ஒரு குதி குதித்துக்கொள்கிறேன். அண்ணன் லாரியை எங்கேயோ ஓரம் கட்டிவிட்டு ஹாஸ்டலுக்குப் போன் செய்தான். வார்டன் அறையில் நின்றபடி கேட்டேன். "நீ அத்தை ஆகப்போற" என்றான். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். வைத்துவிட்டான். வீட்டுப் போன் அவனோடு ஊர் சுற்றுகிறது, நமக்குக் கடிதம்தான்.

ஆபீஸ் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு. பொட்டலமாக வீட்டுக்கே கொண்டுபோய்ச் சாப்பிடலாம். அதைத் திட்டமிடும் பிரிவு. எனக்குக் கதவோரத்தில் கடைசி நாற்காலி.

மாவில் இரும்புச் சத்து கலக்கிறார்கள். அதனால் ஆணியை நக்கியது போல ஒரு ருசி. அதை மறைக்க ஒரு வாசனை வேண்டும். போன மாதம் மேஜையில் மூன்று கிண்ணம் வைத்தார்கள். எலுமிச்சை, வெனிலா, ஆரஞ்சு. நான் ஆரஞ்சு என்று எழுதிக்கொடுத்தேன். உங்கள் துணிப்பெட்டிதான் காரணம். புடவை மடிப்புக்குள் நீங்கள் போட்டுவைக்கும் காய்ந்த ஆரஞ்சுத் தோல். எது தேர்வானது என்று தெரியாது. அந்தச் செய்தியெல்லாம் கடைசி நாற்காலி வரைக்கும் நடந்து வராது.

சோதனைக்கு எடுத்த ஊர்களில் நம் ஊர் இல்லை. பிரிவுத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்போம். அவரிடம் நானே போய்க் கேட்டேன். சேர்த்துவிட்டார். என் அண்ணிக்கு என் மாவு. நினைக்கும்போதே கொஞ்சம் கர்வமாக இருக்கிறது.

ஹாஸ்டல் சாப்பாட்டைக் கேட்காதீர்கள். சூப்பில் காய்கறி ஒளிந்து விளையாடுகிறது. இதுவரை அதுதான் ஜெயிக்கிறது. படுக்கும்போது வயிறு என்னோடு சண்டைக்கு வருகிறது. இந்தப் பத்தியை மட்டும் அம்மாவுக்கு உருக்கமாக வாசித்துக் காட்டுங்கள். ஏதாவது பலன் கிடைக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் இருமல் எப்படி?

உங்கள்
வாலு

*

பிப்ரவரி 24

வாலுக்கு அண்ணி எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமாவின் இருமல் பகலில் தூங்குகிறது. ராத்திரி அவரோடு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்?

நீ சொன்னபடியே உருக்கமாக வாசித்தேன். தப்பு செய்துவிட்டேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"பசியோட படுக்குதா என் புள்ள?"

"விளையாட்டுக்கு எழுதியிருக்கா அத்தை."

"பசியில என்ன விளையாட்டு?"

அன்றைக்கு அவர்கள் சாப்பிடவே இல்லை. கண்ணில் புரை முற்றினால்தான் எடுப்பார்களாம், அதுவரை வாசிப்பதும் எழுதுவதும் என் வேலை. இப்போதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து "எழுதிட்டியா, எழுதிட்டியா" என்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன் அத்தை.

உங்கள் பொட்டலம் வந்துவிட்டது. நூலகத்தின் பின்னறையில் தருகிறார்கள். எடை பார்க்க ஒரு நர்ஸ் வருகிறாள். ஏறி நிற்கிற தராசைத் தோள்பையில் சுமந்து வருவதால் தெருவே அவளைத் தராசு அக்கா என்கிறது. அவளுக்கும் அது பிடித்திருக்கிறது போல, கதவைத் தட்டும்போதே "தராசு வந்திருக்கு" என்கிறாள். பொட்டலங்களை அத்தை மேல் தட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறக்கூடாது என்று உத்தரவு.

தையல் நடக்கிறது. பள்ளிச் சீருடைக் காலர், கட்டுக்கட்டாக. சமையல் எண்ணெய் வாசனை வந்தாலே குமட்டுகிறது. மெஷின் எண்ணெய் வாசனை மட்டும் பிடிக்கிறது. "புள்ள மெக்கானிக்காத்தான் பொறக்கும்" என்கிறார் உன் அண்ணன்.

பஸ் கண்டக்டரிடம் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறோம். உருண்டை. அத்தை பதம் சொல்ல, நான்தான் பிடித்தேன். பசித்தபோது சாப்பிடு.

அண்ணி

*

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நான் நலம். முன்னைவிட நலம். காரணம் டப்பா.

திறந்ததும் உங்கள் துணிப்பெட்டியே எதிரே திறந்தது போல இருந்தது. ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து இடித்துப் போட்டீர்களா? நான் எழுதியதை நினைவில் வைத்துக்கொண்டு, குமட்டலுக்கு நடுவே, எனக்காக. கட்டிலில் உட்கார்ந்து முதல் உருண்டையைத் தின்றபோது கொஞ்சம் அழுதேன். அறைத்தோழி பார்த்துவிட்டாள். "இனிப்புத் தின்னா அழற முதல் ஆளு நீதான்" என்றாள். அவளுக்கும் கொடுத்தேன். பக்கத்து அறைக்கும் கொடுத்தேன். டப்பா சீக்கிரம் காலி.

வெட்கமில்லாமல் கேட்கிறேன். மாதம் இரண்டு டப்பா கிடைக்குமா? அம்மாவிடம் சொல்லுங்கள், அவள் மகள் இப்போது பசியோடு படுப்பதில்லை.

ஆபீஸில் ஒரு நல்ல செய்தி. வீடுவீடாகப் போய்க் கேட்க வேண்டிய கேள்வியை என்னை எழுதச் சொன்னார்கள். "பொட்டலம் கிடைத்ததா?" அவ்வளவுதான். எளிமையான கேள்வி. எல்லா ஊரிலிருந்தும் ஒரே பதில், கிடைத்தது. பெரியவர் என் நாற்காலிப் பக்கமாக வந்து "நல்லா கேட்டிருக்கம்மா" என்றார்.

நீங்கள் மாவைத் தினமும் சாப்பிடுகிறீர்கள்தானே? ஆணி ருசி தெரிகிறதா? உண்மையைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பா, அம்மா, அண்ணன் எல்லோருக்கும் என் அன்பு.

வாலு

*

ஏப்ரல் 5

வாலுக்கு,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. நாங்களும் சுகமாக இருக்கிறோம்.

வாசனை உனக்குப் பிடித்ததில் அத்தைக்குச் சந்தோஷம். "பசியோட படுக்கறதில்லையாம்" என்று பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். இரண்டு டப்பா இத்துடன் வருகிறது. கண்டக்டர் "உங்க வீட்டுப் பொண்ணு படிக்கப் போயிருக்கா, திங்கப் போயிருக்கா?" என்றார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அத்தை திருத்தினார்கள்.

குமட்டல் நின்றுவிட்டது. இப்போது பசிதான். நேரம்கெட்ட பசி. உன் அண்ணன் லாரியிலிருந்து இறங்கும் நாளில் அவருக்கும் மாமாவுக்கும் போட்டுவிட்டு, நானும் அத்தையும் உட்காரும்போது பசி தானே அலுத்துப்போய்த் தூங்கிவிடுகிறது. அது ஒரு வசதிதான்.

தராசு அக்கா வந்தாள். முள் போன தடவை நின்ற இடத்திலேயே நிற்கிறது. "என்னம்மா, காத்தக் குடிச்சுட்டு இருக்கியா?" என்றாள். தராசு கெட்டுப்போயிருக்கும் என்றேன். "என் தராசு கெடாது, மனுஷங்கதான் கெடுவாங்க" என்று கோபித்துக்கொண்டு போனாள்.

இங்கே ஒரு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே. காலர் கணக்கைத் தவறிப்போய் இதில் எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

*

ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன். நலமா?

டப்பாக்கள் கிடைத்தன.

ஆபீஸுக்கு ஒரு பொட்டலம் கிழிந்து திரும்பி வந்தது. முதல் தடவையாக உள்ளே இருப்பதைப் பார்த்தேன். ஆரஞ்சுதான் தேர்வாகியிருக்கிறது.

இனி உருண்டை அனுப்ப வேண்டாம். எனக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஹாஸ்டலில் சமையல்காரர் மாறிவிட்டார். சாப்பாடு நன்றாக இருக்கிறது. இதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். எனக்குப் பசி இல்லை.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

வாலு

*

மே 10

வாலுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இல்லை என்று அத்தை முடிவு செய்துவிட்டார்கள். இனி வருவது அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுவது.

"இனிப்பு ஒத்துக்கலையா? சின்ன வயசுல சர்க்கரை டப்பாவ நக்கியே காலி பண்ணவ நீ. ஒடம்புக்கு என்னன்னு மறைக்காம சொல்லு. பசி இல்லன்னு ஒரு பொண்ணு எழுதினா அவளுக்கு ஏதோ ஆகியிருக்குன்னு அர்த்தம். நானும் ஒங்கப்பாகிட்ட அப்படித்தான் சொல்லுவேன். எனக்குத் தெரியாதா? பெரிய டப்பா அனுப்பறேன். சர்க்கரை கம்மியாப் போட்டிருக்கு. மூடி இறுக்கமா இருக்கும், நகத்தால தொறக்காத. ஸ்பூனால நெம்பு."

அத்தை அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருக்கிறார்கள். இது நான் எழுதுவது. உன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாய். அவர்களுக்கு இரண்டு முறை வாசித்தேன். எனக்கு நானே இன்னும் பல முறை.

அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கிறேன். சீக்கிரம் எழுது. காத்திருக்கிறேன்.

அண்ணி

*

ஜூன் 12

வாலுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே, எழுத முடிகிற அளவுக்கு நன்றாக இருக்கிறேன். இங்கே என் கடிதத்தைக் கேட்டுக்கொண்டு யாரும் பக்கத்தில் இல்லை. பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுகிறாள்.

காலர் தைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணி திடீரென்று எல்லாப் பக்கமும் வெள்ளையானது. தலை மெஷினில் மோதியது. ஊசி விரலில் ஏறியது. துணி முழுக்க ரத்தம். கட்டு வீணானதே என்றுதான் முதலில் தோன்றியது. ரத்தம் ரொம்பக் குறைவு என்றார்கள். ஏற்றியிருக்கிறார்கள். குழந்தை அசைகிறது. வளர்ச்சி போதவில்லையாம். டாக்டர் "சத்துமாவு சாப்பிடறீங்களா?" என்றார். அத்தை பக்கத்தில் நின்றிருந்தார்கள். "சாப்பிடறேன்" என்றேன்.

ஆரஞ்சுத் தோலை இடித்துப் போட்டீர்களா என்று கேட்டிருந்தாய். அதற்கும், மாவைத் தினமும் சாப்பிடுகிறீர்களா என்றதற்கும் நான் பதில் எழுதவில்லை. இல்லை என்று எழுதினால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆமாம் என்று எழுதக் கை வரவில்லை.

அந்த உருண்டை உங்கள் ஆபீஸ் மாவு, வாலு. எனக்கு வந்த மாவு. உனக்கு அனுப்பியது போக மீதியைக் கஞ்சியாகக் காய்ச்சி எல்லோரும் குடித்தோம். மாமா ராத்திரி முழுக்க நிற்கிறார். உன் அண்ணன் முதுகொடிய லாரி ஓட்டுகிறார். அவர்கள் குடித்ததை எப்படித் தப்பு என்பது? அத்தையைக் கெட்டவர்கள் என்று நினைக்காதே. மிஞ்சியதில் பெரிய பங்கை என் தட்டில்தான் தள்ளுவார்கள். பெரிய பங்குதான். மிஞ்சியதுதான் சின்னது.

அத்தை குளிக்கப் போகும்போது நான் ஸ்டூல் போட்டு ஏறுவேன். வறுக்காத மாவு. ஒரு பிடி. தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கிவிட்டு முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொள்வேன். எனக்கென்று வந்த மாவை நானே திருடித் தின்றேன்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். மாமியாரைக் காட்டிக்கொடுத்த மருமகள் என்று பேர் வாங்க வேண்டாம் என்று இருந்தேன். நல்ல மருமகள் என்ற பேர் எனக்கும் ருசித்தது. குழந்தையின் பங்கைக் கொடுத்து வாங்கிய பேர்.

உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். "ஆரஞ்சுதான் தேர்வாகியிருக்கிறது." அந்த வரியைப் படித்ததும் அப்பாடா என்று இருந்தது. இனி இவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அதனால்தான் காத்திருந்தேன்.

ஏன் எழுதவில்லை?

அண்ணி

*

ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கேட்கிறேன். ரத்தம் ஏறியதா? தலைக்காயம் ஆறுகிறதா? இதை நேராக ஆஸ்பத்திரிக்கே அனுப்புகிறேன்.

ஏன் எழுதவில்லை என்பதற்கு வருகிறேன்.

கிழிந்த பொட்டலத்தைப் பெரியவர் தன் மேஜையில் கொட்டினார். என் மேஜையில் உங்கள் டப்பா திறந்திருந்தது. கணக்குப் பிரிவு அக்கா மூக்கை உறிஞ்சினாள். அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை. "என்னடி, ஆபீஸ் மாவச் சுட்டு உருண்டை பிடிக்கறியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் பாதி உருண்டை. துப்ப முடியவில்லை. விழுங்கினேன். அண்ணி, புரிந்த பிறகு விழுங்கினேன்.

அது உங்கள் அன்பு என்று நினைத்து மூன்று டப்பா தின்றிருக்கிறேன். அன்புதான். யாருடைய வாயிலிருந்து எடுத்தது என்று மட்டும் தெரியாமல் போயிற்று. பசிக்கிறது என்று எழுதியது நான். உருக்கமாக வாசியுங்கள் என்றதும் நான்.

அன்றே எழுதியிருக்க வேண்டும். இனிப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினேன். உண்மையை எழுதினால் நீங்கள் அதை அம்மாவுக்கு உரக்க வாசிக்க வேண்டியிருக்கும். இது ஒரு காரணம். பார்க்க நல்ல காரணம். அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று நின்றது. பொட்டலம் கிடைத்ததா என்ற என் கேள்வியைத் தூணாக வைத்துத்தான் பெரியவர் திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதியிருந்தார். முதல்முறையாக என்னைக் கூட்டத்துக்கு வரச்சொன்னார்கள். கடைசி நாற்காலி முன்னால் நகரத் தொடங்கியிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மெஷினில் சாயும்வரை.

அம்மா கடைசியாக அனுப்பிய பெரிய டப்பா கட்டிலுக்கு அடியில் இருந்தது. தின்ன முடியவில்லை. எறிய முடியவில்லை. ஹாஸ்டல் படிக்கட்டைத் துடைக்கும் பெண் முழுகாமல் இருக்கிறாள். அதில் கொஞ்சம் எடுத்து அவளிடம் கொடுத்தேன். "நல்லாருப்பே" என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இப்பவே ஒண்ணு சாப்பிடுங்க" என்றேன். "வீட்டுல மூணு வாய் காத்துட்டு இருக்கே தாயி." அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் அதையே செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் அவளோடு உட்கார்ந்தேன். "கம்பெனி கொடுங்க, தனியா தின்னா எனக்கு எறங்காது" என்று பொய் சொன்னேன். தின்றாள். பேசிக்கொண்டே நாலு தின்றாள். நான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

இந்தப் பொய் பரவாயில்லை என்று தோன்றியது.

கூட்டம் அடுத்த வாரம். போகிறேன். மன்னியுங்கள் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் நீங்கள்தான் பதில் போட வேண்டியிருக்கும்.

வாலு

*

ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று அண்ணன் போன் செய்தான். இப்போது உடம்பு எப்படி? நான் நலம், தூக்கம் மட்டும் சரியில்லை.

கூட்டத்தில் பேசினேன். பொட்டலம் போய்ச் சேர்ந்தது சார், என் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது என்றேன். அதுவரை குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"ஒரு வீட்டு சமாச்சாரத்த வெச்சுத் திட்டத்தையே குறை சொல்றியாம்மா?" என்றார் பெரியவர்.

"அந்த வீடு என் வீடு சார்."

"அப்ப உங்கம்மாகிட்ட சொல்லு."

சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. "சொல்லத்தான் போறேன் சார். மத்த வீட்டு அம்மாங்ககிட்ட யாரு சொல்றது?"

கடைசியில் பெரியவர் சரி என்றதும், கேள்வியை மாற்றி எழுதிக்கொண்டு நாங்களே வீடுகளுக்குப் போனோம். நேற்று இந்த மாவை யார் யார் சாப்பிட்டீர்கள்? பெண்கள் பதில் சொல்லுமுன் சிரித்தார்கள். எல்லா வீட்டிலும் அதே சிரிப்பு. ஒருத்தி சொன்னாள்: "புள்ளைங்க என் வாயையே பாத்துட்டு நிக்கும், நான் மட்டும் மென்னுக்கிட்டு இருக்கவா?" பெரியவர் அன்று எங்களோடு வந்திருந்தார். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது, "எங்க வீட்டுலயும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

முடிவு இது. நூலகத்தின் பின்னறையில் தினமும் மதியம் சமைத்த சாப்பாடு. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பொட்டலமும் நிற்காது, அது வீட்டுக்கு. நம் ஊரில் முதலில் தொடங்குகிறார்கள். இந்த முறை நான் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும். அண்ணனை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் குரலில் அவள் அதைக் கேட்க வேண்டாம்.

வாலு

*

ஜூலை 25

வாலுக்கு,

நான் நலம். இந்தத் தடவை அதைத் தைரியமாக எழுதுகிறேன். நீ சரியாகத் தூங்கு.

உன் அண்ணன் வாசித்தார். லாரிக்காரருக்கு உரக்க வாசித்துப் பழக்கமில்லை. போர்டு படிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பாதியில் தாளை மடியில் வைத்தார். "அந்தக் கஞ்சிய நானும்தான குடிச்சேன்" என்றார். அத்தை கடைசிவரை கேட்டார்கள். போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினார்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே ஸ்டூல் போட்டு ஏறிப் பொட்டலங்களை இறக்கி, என் தையல் மெஷின் பக்கத்தில் வைத்தார்கள். "எட்டற எடத்துல இருக்கட்டும்."

பின்னறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் நீ பார்த்திருக்க வேண்டும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் வந்தோம். தட்டு வைத்திருந்தார்கள். ஒருத்திகூட உட்காரவில்லை. எல்லோரும் கரண்டியைத் தேடினோம். "நீ உக்காரு, நான் போடறேன்." "ஐயோ, நீங்க உக்காருங்க, நான் போடறேன்." சமையல்காரர் கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். "யாராவது உக்காந்து தொலைங்கம்மா! போடறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்!" தராசு அக்கா வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் தராசே ஆடியது.

உட்கார்ந்தோம். சூடான சோறு. ஆறாத சோறு எப்படி இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன். முதல் நாள் பாதிகூட இறங்கவில்லை. யாருக்கோ எடுத்துவைக்க வேண்டும் என்று கை தானாக ஒதுக்குகிறது. இப்போது பழகிவிட்டது. முழுத் தட்டும் சாப்பிடுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் ஒரு குற்ற உணர்ச்சி வருகிறது. அதுவும் பழகிவிடும் என்கிறாள் தராசு அக்கா.

அத்தையும் வருகிறார்கள். வெயிலுக்குக் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, பேப்பர் படிக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார்கள். சமையல்காரர் "நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கம்மா" என்றார்.

"எனக்கெதுக்கு? நான் காவலுக்கு வந்தேன்."

"யார்கிட்டேர்ந்து காவல் அத்தை?" என்று நான்தான் கேட்டேன், விளையாட்டாக.

"என்கிட்டேர்ந்துதான்" என்றார்கள். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அண்ணி

*

செப்டம்பர் 14

வாலுக்கு,

நானும் உன் மருமகளும் நலம். ஆமாம், பெண். உன்னைப் போலவே வாய். அழுதால் தெருமுனை மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

எடை குறைவு. உன்னிடம் மறைக்கப்போவதில்லை. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். விரலை நீட்டினால் பிடித்துக்கொள்வாள், ஆனால் அந்தப் பிடியில் பலம் இல்லை. நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம். கடைசி மாதங்களில் சாப்பிட்டதுதான் இவளைக் காப்பாற்றியது என்றார் டாக்டர். அதற்கு முந்தின மாதங்களைப் பற்றி அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தராசு அக்கா குழந்தைகளுக்கென்று வைத்திருக்கும் தொங்கு தராசில் துணித் தொட்டிலை மாட்டித் தூக்கிப் பார்த்தாள். "ஏறும். மெதுவா ஏறும்" என்றாள்.

முள் நின்ற இடத்தை நீ உன் தலையில் போட்டுக்கொள்வாய் என்று தெரியும். போட்டுக்கொள், கொஞ்சம். முழுசையும் எடுத்துக்கொள்ளாதே. எதையும் பங்கு போட்டே பழகின வீடு இது. இதிலும் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது, உன் அண்ணனுக்கும் இருக்கிறது. அத்தை தன் பங்கை யாருக்கும் தர மாட்டேன் என்கிறார்கள்.

பால் கொடுக்கிற வரைக்கும் பின்னறையில் எனக்கு இடம் உண்டாம். நாளையிலிருந்து போகிறேன். குழந்தை பெஞ்சில் அத்தையின் மடியில் இருப்பாள்.

லீவு கிடைத்ததும் வந்து பார். உன்னிடம் இருக்கும் காலி டப்பாக்களைக் கொண்டுவா. இவளுடைய சின்னச் சட்டைகளை எதில் போட்டுவைப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

கீழே இருப்பது அத்தையின் கையெழுத்து. பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்கள். கண்ணைத் தாளோடு ஒட்டிவைத்து, ஒவ்வொரு எழுத்தாக, வெகு நேரம் எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை. அப்படியே மடித்து ஒட்டுகிறேன்.

அண்ணி

டப்பா அனுப்பல. பசிச்சா கடையில வாங்கி சாப்புடு.
அம்மா